பெயரில்லாத பிறவியும் ஒரு மூட்டைத் தவிடும்

வருடா வருடம் ஜூலை மாதத்தில் நான் ஒரு பிணத்துக்கு உயிர் கொடுக்கிறேன். சம்பளத்துக்குத்தான். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். செத்தவர்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து ஒரு மனிதனைச் செய்கிறான் ஒருவன். அது கண்ணைத் திறந்து பார்த்ததும் பயந்து ஓடிவிடுகிறான். அந்தப் பழைய ஆங்கில நாவல் எங்கள் பாடத்திட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் யாரும் அதைப் படிப்பதில்லை. நானும் கோபப்பட்டு ஓய்ந்துவிட்டேன். அதனால் அந்த நாவலை வைத்து வெவ்வேறு காலத்தில் எடுத்த படங்களிலிருந்து துண்டு துண்டாகப் போட்டுக் காட்டி, ஒரே கதை காலத்துக்குக் காலம் எப்படி வேறு வேறு பயத்தைக் காட்டுகிறது என்று பேசிப் பாடத்தை ஒப்பேற்றிவிடுகிறேன்.

முதலில் போடுவது கறுப்பு வெள்ளைப் படம். அதில் உதவியாள் ஒருவன் தவறிப்போய் ஒரு குற்றவாளியின் மூளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். அதனால்தான் அந்தப் பிறவி கொலை செய்கிறது என்று படம் சாதிக்கும். நாவலில் அப்படி ஒரு சங்கதியே கிடையாது. கெட்டவன் பிறக்கும்போதே கெட்டவன், குணம் ரத்தத்தோடு வருவது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. போரிலிருந்து முகத்தில் தையலோடு திரும்பியவர்களைத் தெருவில் பார்த்த காலமும் அதுதான். அடுத்தது வண்ணப் படம், அணுகுண்டு போட்ட பிறகு எடுத்தது. அதில் பிறவியைவிட அதைச் செய்த டாக்டரைப் பார்த்தால்தான் குலை நடுங்கும். சட்டை மடிப்புக் கலையாமல் கொலை செய்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். சோதனைக் குழாய்க் குழந்தைகள் பிறக்கத் தொடங்கிய பிறகு வந்த படத்தில், அந்தப் பிறவி பெரிய தொட்டி ஒன்றிலிருந்து பனிக்குட நீரோடு வழுக்கி வந்து விழும். சமீபத்திய படத்திலோ அது உட்கார்ந்து அழுகிறது, பார்க்கிறவர்களும் அழுகிறார்கள். இப்போது பயமெல்லாம் தகப்பன்மேல். பெற்றுவிட்டு வளர்க்கத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம்.

"இனிமே எடுத்தா எதுக்குப் பயப்படுவாங்க?" என்று கேட்டு முடிப்பது என் வழக்கம். கடைசி பெஞ்சிலிருந்து, "கம்ப்யூட்டருக்குத்தான் மேடம். அது எங்களைவிட நல்லா அசைன்மென்ட் எழுதுது" என்று பதில் வரும். திருத்துகிற எனக்கு அது தெரியாதா என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவை எடுப்பேன்.

ஒரு தவறு மட்டும் எந்த வருடமும் மாறுவதில்லை. எல்லாரும் அந்தப் பிறவியை, அதைச் செய்தவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்குப் பெயரே கிடையாது. செய்தவன் வைக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

போன வருடம் அந்தப் பனிக்குட நீர்க் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் என் தங்கையின் கணவர் போன் செய்தார்.

"அக்கா, கொஞ்சம் வர முடியுங்களா? தண்ணி உடைஞ்சிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம் முடியவில்லை. வளைகாப்புக்குப் பார்த்து வைத்திருந்த நாளே வரவில்லை. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் எதைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. கண்ணில் பட்ட கோபுரம், தேவாலயம், பள்ளிவாசல் எதையும் விட்டுவைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

தங்கை எனக்கு நிறைய வருடம் இளையவள். அவள் பள்ளிக்கூடம் போகும்போது நான் வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டேன். அம்மா அப்பா போன பிறகு, கல்யாணம் செய்துகொள்ளாத நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அவள் மன்னார்புரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில், இன்ஜினியர் வேலை பார்க்கிற கணவரோடு இருக்கிறாள். இதற்கு முன்னால் இரண்டு முறை கருவுற்று, இரண்டு முறையும் தங்கவில்லை. அதனால் இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. தொட்டிலைப் பற்றியோ பெயரைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு துணிகூட வாங்கி வைக்காத குடும்பம் எங்களுடையது. இந்த முறை நினைப்பதற்கே பயந்தோம்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பையன் பிறந்தான். உயிரோடு பிறந்தான். பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் வைத்தார்கள்.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு உடம்பு. தோலுக்குள் நரம்பு தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், தொப்புளில் ஒரு குழாய், நெஞ்சில் ஒயர்கள். பக்கத்தில் ஒரு பெட்டி விடாமல் பீப் அடித்துக்கொண்டிருந்தது. நான் வருடா வருடம் திரையில் காட்டுகிற ஆய்வகத்தில் குறைந்தது மின்னலாவது வெட்டும். இங்கே ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஒரு நர்ஸ் அமைதியாகப் பஞ்சை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டியின்மேல் ஒட்டியிருந்த அட்டையில், தங்கையின் பெயரை எழுதி, இன்னாருடைய குழந்தை என்று போட்டிருந்தார்கள். எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் சொந்தப் பெயர் இல்லை.

மறுநாள் தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சுக்கா. நான் இனிமே போகமாட்டேன்."

அதோடு சரி. பாலை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அதை நர்ஸ் வாங்கிக்கொண்டு போய்க் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார். டாக்டரம்மா தினமும் வந்து, "அம்மா நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டா குழந்தை சீக்கிரம் தேறும். சூடு நிக்கும், மூச்சும் சீராகும்" என்று சொல்லிப் பார்த்தார். தங்கை தலையை ஆட்டுவாள், எழுந்திருக்கமாட்டாள். பையனுக்கு எடை ஏறவில்லை. நடுநடுவே மூச்சுவிட மறந்துபோவான், பெட்டி அலறும், நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவார், மறுபடியும் மூச்சு வரும். இதைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தால் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு வாய் நீளம். பாடம் எடுத்த பழக்கம் வேறு. கண்ணைத் திறந்து பார்த்தது, செய்தவன் ஓடினான். நாவலில் வரும் அதே காட்சி என் வீட்டிலேயே நடக்கிறது என்று எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் அவள் முன்னால் போய் நின்று பொரிந்து தள்ளினேன். அந்தக் கதையில் பிறவி கெட்டுப்போனதற்குக் காரணம் அதன் முகமில்லை, பெற்றவன் முகம் கொடுக்காததுதான் என்றேன். பார்க்க ஒரு மாதிரி இருந்தால் என்ன, பிள்ளை பிள்ளைதானே என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் கிளாஸை இங்க எடுக்காதேக்கா. ஒரு மாதிரி இருக்கான்னு யாரு சொன்னா? அவன் அப்படியே அப்பா மாதிரி இருக்கான். நெத்திகூட அப்பா நெத்தி."

"அப்புறம் என்னடி?"

"பாத்தா தூக்கணும்போல இருக்கு. தூக்கினா பேர் வச்சுக் கூப்பிடணும்போல இருக்கும். கூப்பிட்டுப் பழகினதுக்கு அப்புறம் போயிட்டான்னா? மூணாவது தடவை என்னால முடியாதுக்கா. நிஜமா முடியாது."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாவலை எழுதியவள் ஒரு சின்னப் பெண். அதை எழுதுவதற்கு முன்னால், குறைமாதத்தில் பிறந்த தன் குழந்தையைப் பறிகொடுத்தவள். பெயர் வைப்பதற்குள் போய்விட்ட குழந்தை. இதையும் நான் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். ஆசிரியர் குறிப்பு, இரண்டு மதிப்பெண் கேள்வி, அடுத்த பக்கம். நான் போட்டுக் காட்டுகிற படங்களெல்லாம் ஆண்கள் எடுத்தவை. குற்றவாளியின் மூளைக்கும் அணுகுண்டுக்கும் சோதனைக் குழாய்க்கும் பயந்தார்கள். கையில் எடுத்தால் போய்விடுமோ என்று ஒருத்தி பயப்படுவதை அவர்களில் யாரும் எடுக்கவில்லை, நானும் வகுப்பில் பேசவில்லை. அழுகையாக வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம், அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

வராண்டாவில் தங்கையின் கணவர் நின்றுகொண்டிருந்தார். லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அதிர்ந்து பேசமாட்டார். எதையோ சொல்லவந்து சொல்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்க தம்பி. நான் கடிச்சா திங்கப்போறேன்?"

"சிரிக்கக்கூடாதுங்கக்கா. எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு ரெண்டு போயிருச்சு. நான் பொறந்ததும் பக்கத்து வீட்டு அத்தை ஒரு படி தவிட்டைக் குடுத்து என்னை வாங்கிக்கிட்டாங்களாம். அப்புறந்தான் நான் நின்னேன்னு சொல்லுவாங்க."

எனக்கு இது தெரியாததில்லை. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை வேறு ஒருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். பெயரும் குப்பை, பிச்சை என்று ஏதாவது வைப்பார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டு வருகிற எமன், இது அவள் பிள்ளையே இல்லை, ஒன்றுக்கும் ஆகாதது என்று நினைத்து வந்த வழியே போய்விடுவான் என்று கணக்கு. மற்ற நாளாக இருந்தால் நான் அதை வைத்து ஒரு மணி நேரம் கிண்டல் செய்திருப்பேன். அன்று கிண்டல் வரவில்லை. வெளிநாட்டுப் படங்களில் பயத்தை விரட்டத் தீவட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரே கிளம்புகிறது. எங்கள் ஆட்கள் தவிட்டைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் இதே பயத்தில் இருந்தவர்கள்தானே என்று தோன்றியது.

"யார் வாங்கணும்?" என்று கேட்டேன்.

"நீங்கதாங்கக்கா. பெரியம்மாவாச்சே."

மறுநாள் காலையில் அவர் காரில் ஒரு முழு மூட்டைத் தவிட்டோடு வந்து இறங்கினார். மாட்டுத் தீவனக் கடையில் சில்லறையாகக் கொடுக்கமாட்டோம் என்றுவிட்டார்களாம். எத்தனை மாடு என்று வேறு கேட்டிருக்கிறார்கள். இவர் பதில் சொல்லத் தெரியாமல், "ஒண்ணுதாங்க, கன்னுக்குட்டி" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மூட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். ஒரு வாரமாகச் சிரிக்காத நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தோம்.

இரண்டு கை தவிட்டை அள்ளி என் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தங்கையிடம் போனேன். தவிடு உள்ளே வரக்கூடாது என்று நர்ஸ் சொல்வதற்கு முன்னால், குழந்தை பக்கம் கொண்டுபோகமாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

"இந்தா. உன் புள்ளையை நான் வாங்கிக்கிறேன். குடுத்துட்டேன்னு சொல்லு."

அவள் முடிச்சைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கோ" என்றாள். முடிச்சை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வாங்கிய பிள்ளையை நான் சும்மா விடுவதாக இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, அம்மாவால் முடியாவிட்டால் வீட்டில் வேறு ஒருவர் அணைத்துக்கொள்ளலாம் என்றார். நர்ஸ் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முன்பக்கம் திறக்கிற அங்கியைக் கொடுத்து, அவனை ஒயர்களோடு எடுத்து என் நெஞ்சில் குப்புறப் போட்டு, துணியால் சேர்த்துக் கட்டினார். எடையே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு என் கழுத்துக்குக் கீழே சின்னதாகப் பட ஆரம்பித்தது. வகுப்பில் குரலை உயர்த்தாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாத நான், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஐம்பது வயதுக்குமேல் எனக்கு இப்படி ஒன்று கிடைக்கும் என்று யார் நினைத்தது? அவன் நிஜமாகவே என் பிள்ளைதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுத் தினமும் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் வந்து, அங்கே பஸ் மாறி, காலை டிபன் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். தங்கையைப் பிரசவ வார்டிலிருந்து அனுப்பிய பிறகு, பால் எடுத்துக் கொடுக்க வசதியாக அங்கேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அவனை அணைத்து வைத்திருக்கிற நேரம் முடிந்ததும் அந்த அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, அவள் கேட்காமலே சொல்வேன்.

"என் பையன் இன்னைக்குக் கொட்டாவி விட்டான்."

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள், மறுநாள் நான் அடுத்த சேதியோடு வருவேன்.

"என் பையனுக்கு மூக்குக் குழாயை எடுத்துட்டாங்க. தானே மூச்சு விடுறான். என்னை மாதிரியே கோவக்காரன், குழாயைப் புடிச்சு இழுத்திருக்கான்."

"ரொம்ப நேரம் அழுதானா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அது. நான் பையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன், கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது கேட்பாள். எவ்வளவு பால் குடித்தான், எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்குகிறான். எடை ஏற ஆரம்பித்திருந்தது. கிராம் கிராமாகத்தான் ஏறியது. தங்கக் கடையில்கூட நான் தராசு முள்ளை அப்படிப் பார்த்ததில்லை. ஒருநாள் என் அங்கியில் அவன் பால் கக்கிய வாடையோடு வந்து, "என் பையன் என்மேலயே கக்கிட்டாண்டி, அவனுக்கு என் சூடு பழகிருச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். வேண்டுமென்று சொன்னேனா, வாய் தவறி வந்ததா என்று எனக்கே தெரியாது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சும்மா என் பையன் என் பையன்னு சொல்லாதே. நீயா பெத்தே?"

"பெக்கலை. வாங்கியிருக்கேன். வித்தவ நீ."

 அவள் முகம் சிவந்துவிட்டது. தப்பாகப் பேசிவிட்டோமோ என்று ஸ்ரீரங்கம் போகிறவரைக்கும் பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் நான் கையைக் கழுவி அங்கியை மாட்டிக்கொண்டு அந்தப் பிரிவின் கதவுப் பக்கம் வந்தபோது, அவள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். தையல் போட்ட இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. இன்னொரு கையில் என் கைக்குட்டை முடிச்சு.

"இந்தா உன் தவிடு" என்றாள். "எம்புள்ளையைக் குடு."

கதவைத் திறந்த நர்ஸ் அன்றுதான் அந்தப் பணிக்கு வந்தவர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஒருத்தர்தாங்க உள்ள வரலாம். இதுல அம்மா யாருங்க?" என்று கேட்டார்.

இத்தனை நாளாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் நாக்கு தயாராக இருந்தது. அம்மாவுக்கு முடியலைங்க, நான் பெரியம்மா. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான்."

நான் போட்டிருந்த அங்கியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவனை எடுத்து அவள் நெஞ்சில் போட்டார்கள். அவள் கைகள் கொஞ்ச நேரம் எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றன. பிறகு ஒரு கை அவன் முதுகிலும் ஒரு கை தலையிலும் போய் உட்கார்ந்தன. அவள் குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னாள். வெளியே கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்து, அது ஒரு பெயர் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. எனக்கு நெஞ்சு ஒரு பக்கம் வலித்தது, அதைவிடப் பெரிய நிம்மதியாகவும் இருந்தது. தங்கையின் கணவருக்குப் போன் செய்து, மீதி மூட்டையை மாடு வைத்திருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் அவர் விசும்புவது கேட்டது.

ரொம்ப நேரம் கழித்து நர்ஸ் மனமிரங்கி என்னையும் ஒரு நிமிடம் உள்ளே விட்டார். அவன் அவள்மேல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பெட்டி ஒரே சீராகச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் மெதுவாகக் கையை நீட்டி, "கொஞ்ச நேரம் நான் வச்சுக்கட்டுமாடி? உனக்குத் தையல் வலிக்கும்" என்றேன்.

அவள் துணியை இழுத்து அவனை மூடினாள்.

"அதான் தவிட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்ல. கிளம்புக்கா."

நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.